கூரைத் தகடு வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

சுவர் எழும்பிவிட்டது, கூரைக்கு மெட்டல் ஷீட் போடப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். நிறத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்மா. முதலில் தடிமனைக் கேள்.

கடைக்காரர் 'அரை மில்லி' என்றால் அது பெரும்பாலும் பூச்சையும் சேர்த்த கணக்கு. உள்ளே இருக்கும் வெறும் இரும்பு 0.45 மில்லிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மேலே ஆள் ஏறினால் தாங்குவது அந்த இரும்புதான். அதனால் இரும்பின் தடிமன் எவ்வளவு என்று தனியாகக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்கு. ஒருவர் பூச்சோடு சொல்வார், இன்னொருவர் பூச்சில்லாமல் சொல்வார். இது தெரியாமல் இரண்டு கடை விலையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவாய்.

அடுத்தது பூச்சு. வெறும் துத்தநாகம் பூசியதை விட அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு பொதுவாக அதிக நாள் உழைக்கும். அதில் 55 சதவீதம் அலுமினியம், ஏறக்குறைய 43 சதவீதம் துத்தநாகம், மீதி கொஞ்சம் சிலிக்கன். ஷீட்டில் ஏஇசட் 150 என்று இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்று அர்த்தம். வீட்டுக் கூரைக்கு அதற்குக் குறைந்து வாங்காதே. மேல் பெயின்ட்டில் பிவிடிஎஃப் வகை வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. சாதாரண பாலியஸ்டர் அதற்கு முன்பே மங்கிவிடும். வெளிர் நிறம் எடுத்தால் வீட்டுக்குள் சூடும் குறையும்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஸ்க்ரூ ஓட்டையில்தான். தண்ணீர் ஓடுவது ஷீட்டின் வளைவுகளில் உள்ள பள்ளத்தில் என்பதால் ஸ்க்ரூவை மேட்டில் அடிக்கச் சொல்வதே என் முடிவு. ரப்பர் வாஷர் வெயில் மழை தாங்கும் ஈபிடிஎம் ரகமாக இருக்கட்டும். முறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்: வாஷர் லேசாக அமுங்கி, மேலிருக்கும் உலோக மூடியின் விளிம்பு வரை வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி, வெயிலில் வெடித்துவிடும். தளர்வாக விட்டால் முதல் மழைக்கே கசியும். ஸ்க்ரூ சாய்ந்து இறங்கியிருந்தால் ஒரு பக்கம் ரப்பர் படியவே படியாது. அதைக் கழற்றி, அடுத்த அளவு பருமனான ஸ்க்ரூ போடச் சொல்.

பத்து மீட்டர் இரும்பு ஷீட் 50 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 6 மில்லி நீளும்; அலுமினியம் ஏறக்குறைய அதில் இரட்டிப்பு. நீள ஷீட்டில் நாளாவட்டத்தில் ஸ்க்ரூ ஓட்டை பெரிதாவது இதனால்தான்.

வெட்டுவதற்கு கிரைண்டர் வேண்டாம். அந்தச் சூட்டில் வெட்டு விளிம்பின் பூச்சு கருகிவிடும், தெறிக்கும் பொறியும் பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். தகடு வெட்டும் கத்திரியே போதும். ஓட்டை போட்ட இரும்புத் தூளை அன்றன்றைக்கே பெருக்கித் தள்ள வேண்டும். ஒரு ராத்திரி ஈரம் பட்டாலே துருப்புள்ளி விழும். பென்சிலால் கோடு போடவும் விடாதே, கிராஃபைட் இந்தப் பூச்சை அரிக்கும். அதே காரணத்துக்காகச் செம்புக் குழாய்த் தண்ணீரும் கூரைமேல் வடியக் கூடாது.

சரிவை 10 டிகிரிக்குக் குறைக்காமல் வை. ஒரு ஷீட்டின் பக்கம் அடுத்த ஷீட்மேல் ஏறும் இடத்தின் வாய் காற்றடிக்கும் திசையைப் பார்க்காமல் இருக்கட்டும்.

அடியில் இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் விரிப்பு, கட்டாயம் வேண்டும்மா. இரவில் தகடு குளிர்ந்ததும் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று அதன் அடியில் துளித்துளியாகப் படிந்து சொட்டும். மழையே இல்லாத காலையில் தரை நனைந்திருந்தால் காரணம் அதுதான்; ஓட்டையைத் தேடி மேலே ஏறினால் கிடைக்காது. தகட்டை ஒட்டியே இன்சுலேஷன் போட்டால் மழைச் சத்தமும் அடங்கும்.

ஷீட் வந்து இறங்கியதும் கட்டோடு நனைய விடாதே. அடுக்குக்குள் தண்ணீர் புகுந்தால் பூச்சில் கறை ஏறிவிடும். ஷீட்டில் அச்சடித்த வரி இருந்தால் படம் எடுத்து அனுப்பு. இரும்பின் தடிமனும் பூச்சு எண்ணும் பில்லோடு பொருந்துகிறதா பார்த்துச் சொல்கிறேன். அதன் பிறகு மேலே ஏற்றலாம்.

அன்புடன்,
அப்பா