சந்தா கட்டமாட்டேன் என்றவனின் நன்றி மடல்

எங்கள் சுற்றுலாத் தொழில் சங்கத்து நண்பர்களுக்கு,

வணக்கம். ஒன்பது அறை கொண்ட சின்னத் தங்கும் விடுதி நடத்துகிறவன் நான். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போட்டு இதை முடித்திருக்கலாம். ஆனால் "சந்தா கட்டமாட்டேன்" என்று ஊரறியச் சொன்னவன் நான். நன்றியையும் ஊரறியச் சொல்வதுதான் முறை.

சங்கம் என்றால் ஆண்டுக்கு ஒரு கூட்டம், ஒரு குரூப் போட்டோ, ஒரு ரசீது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். படிவத்தோடு மூன்று முறை வந்த செயலாளர் அக்காவை மூன்று முறையும் வாசலோடு அனுப்பிவைத்தேன். "என் விருந்தினரை நானே பார்த்துக்கொள்கிறேன் அக்கா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்கள் அறையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் இந்த ஊருக்கு வர முடிவு செய்ய வேண்டுமே தம்பி, அதை யார் பார்த்துக்கொள்வது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் வேறு வழியாக வந்தது.

சீசன் நேரத்துச் சனிக்கிழமை. இரவு பத்தரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. 22 பேர். அவர்கள் பதிவு செய்திருந்த அறைகளில் ஏற்கெனவே ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முன்பதிவுத் தளங்களில் ஒரே அறைகளைப் போட்டிருந்தேன்; ஒன்றில் விற்றது மற்றதில் குறையவில்லை. தளத்தைத் திட்டலாம்தான், ஆனால் அன்று காலை நான் ஒருமுறை சரிபார்த்திருந்தால் போதும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் என் மேசை முன்னால் எதுவும் பேசாமல் நின்றார். அவர் கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

வேறு வழியில்லாமல் செயலாளர் அக்காவை அழைத்தேன். உறுப்பினர்கள் தினமும் மாலை ஆறு மணிக்கு, அன்றிரவு எத்தனை அறை காலி என்று அவருக்குச் சொல்வார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நோட்டைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. 40 நிமிடத்தில் நான்கு விடுதிகளில் 22 பேருக்கும் இடம் கிடைத்தது. அதில் ஒரு விடுதிக்காரருடன் நான் ஓராண்டாகப் பேச்சுவார்த்தையே இல்லை. அவரே வண்டியோடு வந்து மூன்று பேரை அழைத்துப் போனார். "நான் உறுப்பினர் இல்லையே அக்கா" என்றேன். "வந்தவங்களுக்கு அது தெரியுமா?" என்றார். திங்கட்கிழமை சந்தா கட்டினேன்.

பிறகு சங்கத்தின் ஒரு பயிற்சி வகுப்பில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கதையைக் கேட்டேன். 1896-இல் அங்கே ஒரு செய்தியாளர், மாநாடுகளைத் தங்கள் நகரத்துக்கு இழுக்க வணிகர்கள் சேர்ந்து முயல வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். ஊருக்கு ஆட்களை வரவழைக்கவென்றே உருவான அமைப்புகளில் அப்படிப் பிறந்ததுதான் முதலாவது என்கிறார்கள். அக்கா என் வாசலில் கேட்ட கேள்வியேதான் அது.

அதே வகுப்பில்தான் விமர்சனங்களுக்குப் பதில் எழுதவும் கற்றேன். சுடுதண்ணீர் வரவில்லை என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். நான் மூன்று பத்தியில் அவரைப் பொய்யர் ஆக்கியிருந்தேன். வகுப்பெடுத்த அண்ணன் அதை எல்லார் முன்னிலும் சத்தமாகப் படித்தார். "இதைப் படிக்கப் போவது அவரில்லை, அடுத்து வரப்போகிறவர்" என்றார். மூன்று பத்தி நான்கு வரியானது. அப்புறம் ஹீட்டரையும் மாற்றினேன். அந்த மனிதர் சொன்னது உண்மைதான்.

முன்பதிவுத் தளங்களோடு நான் போட்ட ஒப்பந்தங்களைப் படித்துக்கொடுத்த சங்கத்தின் சட்டக் குழுவுக்குத் தனி நன்றி. நூற்றுக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் கமிஷன் போவது தெரிந்ததுதான். ஆனால் உன் சொந்த இணையதளத்தில்கூட எங்களைவிடக் குறைத்து விற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் சேர்த்து டிக் அடித்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது. பிரான்ஸில் 2015-இல் சட்டம் வந்து இந்த நிபந்தனை செல்லாமல் போனதையும், அதே ஆண்டு ஜெர்மனியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் ஒரு பெரிய தளத்தின் இதே நிபந்தனைக்குத் தடை போட்டதையும் அவர்கள்தான் சொன்னார்கள். இரண்டு நாட்டிலும் புகாரோடு போய்க் கதவைத் தட்டியவை ஓட்டல்காரர்களின் சங்கங்கள். ஒற்றை விடுதிக்காரன் தட்டினால் அந்தக் கதவு திறக்குமா?

கதவு என்றதும் கடைசிப் பேருந்து நினைவுக்கு வருகிறது. சங்கத்துக்காகத் திங்கட்கிழமைதோறும் நிரப்பும் படிவம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. எத்தனை அறை நிரம்பியது, எத்தனை இரவு தங்கினார்கள், எதில் வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக் கணக்கை, யாருடைய பெயரும் இல்லாமல், ஒரே தாளில் சுருக்கிப் போக்குவரத்து அலுவலகத்தின் மேசையில் வைத்தீர்கள். எங்கள் ஊர்க் கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தார்கள். நான் தனியாகப் போயிருந்தால் மனுவில் ஒரு முத்திரை விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

மழை வெள்ளச் செய்தி வந்த வாரத்தையும் மறக்க முடியாது. வெள்ளம் வேறெங்கோ. ரத்து மட்டும் எங்களுக்கு. தினமும் காலை ஏழு மணிக்கு எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தேதி போட்ட படத்தோடு அறிவித்தீர்கள். மூடியதை மூடியது என்றே சொன்னதால்தான் திறந்தது என்று சொன்னதையும் ஆட்கள் நம்பினார்கள்.

2020 பற்றி அதிகம் எழுதத் தெம்பில்லை. உலகம் முழுக்க வெளிநாட்டுப் பயணிகள் வருகை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விழுந்த ஆண்டு. கடன் தவணையைத் தள்ளிவைக்க வங்கிக்கு எழுதிய கடிதம், நிவாரண விண்ணப்பம், சுத்தப்படுத்தும் விதிமுறை என எல்லாவற்றுக்கும் மாதிரி எழுதி அனுப்பினீர்கள். பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

நன்றி மடலில் குறை எழுதலாமா என்று தெரியவில்லை; எழுதுகிறேன். ஆண்டுக் கூட்டத்துப் பேச்சுகள் நீளம். சங்கத்தின் வரைபடத்தில் என் விடுதி இன்னமும் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. முக்கியமாக, வழிகாட்டிகளுக்கும் வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கும் செயற்குழுவில் ஓர் இடமாவது வேண்டும். விருந்தினரோடு நம்மைவிட அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்.

செயலாளர் அக்காவுக்கு: இந்த வாரப் படிவம் நாளை காலைக்குள் வந்துவிடும். போன வாரத்தது தாமதம், மன்னிக்கவும். இன்றிரவு என்னிடம் இரண்டு அறை காலி.

அன்புடன்,
ஒன்பது அறை விடுதிக்காரன்