சிலேட்டில் எழுதிய விலையேற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு கடைக்காரர்களுக்கு மார்க்கெட்டிங் தெரியவில்லை, அதனால்தான் பத்து நிமிட டெலிவரிக்காரர்களிடம் தோற்றுப்போகிறார்கள் என்று எங்கே பார்த்தாலும் பேசுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் என் அப்பா தொடங்கிய காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையை இப்போது நானும் என் மனைவியும் நடத்துகிறோம். அப்பாவும் தினமும் வந்து உட்காருவார். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கடைக்கு வந்த புதிதில் நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் பணம் கட்டி, முதல்முறை வாங்குபவர்களுக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று எல்லார் போனிலும் வரும்படி செய்தேன். கூட்டம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் வந்தது. தள்ளுபடி முடிந்ததும் அந்த முகங்களில் பாதிக்கு மேல் திரும்பி வரவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பக்கத்துத் தெரு மாமி ஒருவர், அப்பா காலத்திலிருந்து எங்களிடமே வாங்குகிறவர், "இருபது வருஷமா வாங்கற எனக்கு என்னப்பா தள்ளுபடி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலமே அந்த விளம்பரத்தை நிறுத்தினேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் அப்பாவின் நீளமான நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் கடன் கணக்கு கிடையாது. யார் வீட்டுக்கு என்ன கலவை என்று மட்டும் இருக்கும்: "பீபெரி பாதி, ஏ பாதி, சிக்கரி 20, நைஸாக வேண்டாம்", "பெரியவருக்கு சிக்கரி ஆகாது, தனியாக 100 கிராம்", இப்படி. பீபெரி, ஏ என்பவை காபிக்கொட்டை வகைகள், சிக்கரி காபியோடு கலக்கும் ஒரு வேரின் தூள். வெளிநாட்டிலிருந்து ஆறு வருடம் கழித்து வந்த பையன் வாசலில் நின்றதும் அப்பா நோட்டைப் புரட்டி, "உங்க அம்மாவுக்கு அதே கலவைதானே?" என்று கேட்டார். அந்தப் பையன் அன்று இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனான். எந்த விளம்பரத்துக்கு இந்த பலம் வரும்?

அரைத்த சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே வேர்த்து வாசனை போய்விடும். எவ்வளவு அவசரப்பட்டாலும் ஆறின பிறகுதான் அப்பா கட்டுவார், அதற்கென்றே வாசலில் ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாங்கள் பாதி விஷயங்களைத் தெரிந்துகொள்கிறோம், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு டிகாஷன் இறங்க மாட்டேன் என்கிறது, யார் வீடு மாறிப் போகிறார்கள் என்று.

பெரிய சோதனை கொட்டை விலை ஏறியபோது வந்தது. 2024-ல் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி, 2025 பிப்ரவரியில் அராபிகா வகைக் கொட்டையின் விலை உலகச் சந்தையில் அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் பழைய விலைக்கே கொடுக்கலாம் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எவ்வளவு கலந்தோம் என்பதைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், கள்ளிச்சொட்டு மாதிரி திக்கான காபி குடித்துப் பழகியவர்களின் நாக்கை ஏமாற்ற முடியுமா? அப்பா ஒரு வாரம் முன்னாலேயே வாசல் சிலேட்டில் எழுதினார்: "திங்கள் முதல் விலை கூடும். கொட்டை விலை ஏறிவிட்டது. சிக்கரி அளவு மாறாது." சிலர் ஒரு கிலோவை முக்கால் கிலோவாகக் குறைத்தார்கள், ஆனால் கடையை மாற்றவில்லை.

குடும்பத் தொழிலிலிருந்து பெரிய ஆட்களும் இப்படித்தான் கற்றிருக்கிறார்கள். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்ன சாஷேயில் அடைத்து, பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கும் எட்டும்படி செய்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' ஷாம்பூவைக் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போய் ஒரு பையனின் தலையில் ஷாம்பூ போட்டுக் காட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள் என்றார்கள். கையில் கொடுத்துக் காட்டுவதுதான் விஷயம். நாங்களும் புதிதாக வருகிறவர்களுக்கு 50 கிராம் பொட்டலம் தருகிறோம், முழு விலைக்குத்தான். பிடித்தால் அடுத்த வாரம் வருவார்கள், அப்போது நோட்டில் ஏறுவார்கள்.

ஆன்லைன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறோம், ஜிபே வாங்குகிறோம், என் மனைவி அந்த நோட்டை இப்போது போனில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஆனால் சிறு தொழில் பயிற்சி வகுப்புகளில் புது வாடிக்கையாளரைப் பிடிப்பது பற்றியே முழு நாளும் போகிறது, இருக்கிறவரை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு மணி நேரமாவது சொல்லித்தர வேண்டும். உங்கள் வணிகப் பக்கத்திலும் மயிலாப்பூர், மண்ணடி, பெரம்பூர் பக்கமெல்லாம் இரண்டு மூன்று தலைமுறையாகக் கடை நடத்துகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
காபித்தூள் கடைக்காரர்,
மேற்கு மாம்பலம், சென்னை