திடலில் கிழங்கு நட்ட காலம்: வெள்ளவத்தைக் கூட்டத்துக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

இரண்டாம் உலகப் போர்க்காலப் பஞ்சத்தில் விளையாட்டுத் திடல்கள் தோட்டமான கதையைப் பேச, கடந்த ஞாயிறு வெள்ளவத்தையில் கூடினோம். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை இந்த மடலில் அடக்குகிறோம்.

முதலில், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஐயாவுக்கு. அவர் இல்லாவிட்டால் நாங்கள் நாலு படத்தைக் காட்டிவிட்டுக் கலைந்திருப்போம். ஆண்டுக்கணக்கில் ரோலர் உருட்டி இறுகிய தரையில் கிழங்கு பருக்காது, ஆழக் கொத்த வேண்டும். வெட்டிய புல்லைக் கவிழ்த்துப் புதைத்தால் எருவாகும். அப்படிச் செய்தாலும் பழைய புற்தரையில் கிடக்கும் கம்பிப்புழு முதற்போகக் கிழங்கைத் துளைத்துவிடும் என்று அவர் விளக்கிய பிறகு, திடல் உழுவது லேசான வேலையாகத் தெரியவில்லை. ஜப்பானின் கொஷியென் பேஸ்போல் அரங்கில் அந்த வேலை நடந்தது. 1943இல் அதன் இரும்புக் கூரையைப் போருக்கென்று கழற்றிக் கொடுத்தார்கள். களத்தின் ஒரு பகுதியில் கிழங்கு நட்டார்கள். லண்டனின் விம்பிள்டன் டென்னிஸ் திடலில் பன்றியும் கோழியும் வளர்த்தார்கள். 1940 ஒக்டோபரில் அங்கே குண்டு விழுந்து நடு அரங்கின் 1,200 இருக்கைகள் போயின.

"அப்ப எங்கட ரேஸ்கோர்ஸில என்ன நட்டவை?" என்று கேட்ட பள்ளிக்கூடத் தம்பிக்குத் தனி நன்றி. கூட்டம் சூடுபிடித்ததே அதற்குப் பிறகுதான். கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலான ரேஸ்கோர்ஸ் 1942இல் விமான ஓடுபாதையானது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் அங்கிருந்தும் எழும்பின. அதற்கு முந்திய மாதம் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. தின்னும் அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்த நாடு இது. பிறகென்ன, பங்கீட்டுக் கூப்பன், கோதுமை மா, குரக்கன், மரவள்ளி. எங்களைக் கேட்டால், உழுத திடல் படத்துக்கு எடுப்பு. இங்கே அடுப்பு எரிந்தது கொல்லைப்புறத்தாலும் சங்கக்கடை வரிசையாலும்தான். 2022இல் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்ததை ஒருவர் நினைவூட்ட, மண்டபமே சிரித்தது. அந்த லீவில் என்ன நட்டார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சிங்கள நண்பர்களுக்கு உடனுக்குடன் மொழிபெயர்த்த ஆசிரியைக்கும், புரொஜெக்டர் தந்த நானாவுக்கும், வாடகை வாங்காத மண்டபக்காரருக்கும் நன்றி. மரவள்ளி அவித்துக் கட்டைச்சம்பல் இடித்துக் கொண்டுவந்த அன்ரியை மறப்போமா? மரவள்ளியோடு இஞ்சி ஆகாது என்று, இஞ்சித் தேத்தண்ணி கேட்டவர்களை முறைத்து வெறும் பிளேன்ரீயே ஊற்றிக் கொடுத்தார்.

ஐயா கொண்டுவந்த மரவள்ளித் தடிகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது; தேவையானோர் காய்வதற்குள் எடுத்துச் செல்லுங்கள். யாரோ விட்டுப்போன சில்வர் தூக்குச்சட்டியும் எங்களிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
கூட்டத்தை ஒழுங்குசெய்தோர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6