பாப்பாவுக்கு, மிளகாய் நாற்றுகள் குறித்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய நாற்றுத் தட்டின் படம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. நாற்றுகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் எழுதுவதால், எல்லா நிலைக்கும் பொருந்தும்படி எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

படத்தைப் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். தண்டு மெலிந்து நீண்டு, முளைக்கும்போதே முதலில் வரும் வித்திலைகள் வெளிறி, எல்லா நாற்றுகளும் ஜன்னல் பக்கமாகவே சாய்ந்து நிற்கின்றன. இது வெளிச்சக் குறை. விதையிலும் குறையில்லை, உன் கையிலும் குறையில்லை. குளிர்காலத்தின் இறுதியில் ஜன்னல் வழியாக வரும் ஒளி நம் கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தாலும் மிளகாய்ச் செடிக்குப் போதாது. சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கு ஒன்றை நாற்றின் தலைக்கு மேல் நான்கு விரல் இடைவெளியில் தொங்கவிட்டு, நாள்தோறும் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் எரியவிடு. நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்திக்கொண்டே போ. இரவில் கட்டாயம் அணைத்துவிடு, செடிக்கும் இருட்டு வேண்டும். நீண்டுவிட்ட நாற்றுகளைத் தூக்கி எறியாதே. வித்திலைக்கு மேல் இரண்டு ஜோடி உண்மையான இலைகள் வந்தவுடன் தனித்தனிச் சிறு தொட்டிக்கு மாற்றும்போது, வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணுக்குள் இறக்கி வை. தக்காளியைப் போலத் தண்டெங்கும் தாராளமாக வேர்விடும் குணம் மிளகாய்க்கு இல்லை என்றாலும், ஆட்டம் காணாமல் நிற்க அது உதவும்.

தண்ணீரைப் பற்றி முன்பே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். அதிகமாக ஊற்றாதே. மண்ணின் மேற்பரப்பு உலர்ந்து நிறம் மாறிய பிறகு, தட்டின் அடியில் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் உறிஞ்சவிட்டு, மீதியைக் கொட்டிவிடு. நாற்றழுகல் வந்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறமாகி இடுங்கிப்போகும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். மாலையில் நின்ற நாற்று காலையில் படுத்திருக்கும். படுத்த நாற்று எழாது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றவற்றின் மூடியைத் திறந்து, ஒரு சிறிய மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் மீதியைக் காப்பாற்றலாம். அந்தக் காற்றில் ஆடுவதால் தண்டும் தடிக்கும். ஒருவேளை உன் தட்டில் அப்படி நிறையச் சாய்ந்துபோய், அதனால்தான் நீ எழுதாமல் இருக்கிறாயோ என்று எண்ணிக்கொள்கிறேன். அதற்காக அப்பாவிடம் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை. இழந்ததை எழுதினால்தான் மீதிக்கு வழி சொல்ல முடியும்.

தட்டில் நீ செருகியிருந்த பெயர்ச்சீட்டுகளையும் படித்தேன். பள்ளிக்கூட நாட்களிலேயே விதைத்த தேதியையும் வகையையும் பென்சிலால் எழுதிச் செருகியவள் நீ. அந்தப் பழக்கம் மாறாததைப் பார்த்து உன் அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஆனால் அத்தனை சீட்டிலும் ஹபனேரோ என்றே இருக்கிறது. நீ அவ்வளவு காரம் உண்பவள் அல்ல. மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று விதைத்திருப்பாய். அதில் தவறில்லை, ஆனால் கோடை குறுகிய இடத்தில் ஒரு தட்டு முழுவதையும் ஹபனேரோவுக்கே கொடுப்பது பெரிய பந்தயம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஜலபீனோ, கயேன் போன்றவை ஒரு சிற்றினம். ஹபனேரோவும் நாகா மிளகாயும் வேறொரு சிற்றினம், வெப்ப நிலங்களில் நீண்ட பருவம் கண்டு பழகியவை. ஜலபீனோவை வெளியே நட்ட எழுபது எண்பது நாட்களில் காய் பறிக்கலாம். ஹபனேரோ நிறம் மாறிப் பழுக்கத் தொண்ணூறு முதல் நூற்றிருபது நாட்கள் கேட்கும். விதை முளைப்பதிலும் அப்படியே: மண்ணில் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் ஜலபீனோ பத்து நாட்களுக்குள் தலைகாட்டிவிடும், ஹபனேரோ அதே வெப்பத்திலும் இரண்டு வாரம், சில வேளை நான்கு வாரம் எடுக்கும். மண் 15 டிகிரியில் இருந்தால் எந்த மிளகாயும் வாரக்கணக்கில் கிடக்கும், பாதி மண்ணுக்குள்ளேயே அழுகும். ஆகவே நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். இலையுதிர் காலத்து முதல் உறைபனி எப்போது, அதற்கு முன் எத்தனை நாள் காய்க்க வேண்டும், அதற்கு எப்போது வெளியே நட வேண்டும், அதற்கு எப்போது விதைக்க வேண்டும் என்று எண்ணினால், ஹபனேரோவைக் கடைசி உறைபனிக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் முன்பும், ஜலபீனோவை எட்டு வாரம் முன்பும் விதைக்க வேண்டியிருக்கும்.

உன் இடத்தில் கடைசி உறைபனிக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கும் என்று கணக்கிட்டேன். எனவே ஹபனேரோவை இனிமேல் புதிதாக விதைக்காதே, இருப்பதைக் காப்பாற்று. காலியான குழிகளில் ஜலபீனோவையும் கயேனையும் இப்போதே விதைத்துவிடு. அவற்றுக்கு நேரம் சரியாக இருக்கிறது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, நாற்றுக்கான கிருமியற்ற கலவையையே பயன்படுத்து, தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதே. தட்டின் அடியில் வெப்ப விரிப்பு இருக்கட்டும். அதனுடன் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் மட்டுமே நம்பு, இல்லையென்றால் விரிப்பு மண்ணைச் சமைத்துவிடும். பெரும்பாலானவை முளைத்ததும் விரிப்பை எடுத்துவிடு. அதன் பிறகு பகலில் இருபது டிகிரிக்குச் சற்று மேலும் இரவில் அதைவிடக் குறைவாகவும் இருந்தால் போதும். சில நாற்றுகள் விதையுறையைத் தலையில் மாட்டிக்கொண்டே வெளிவரும். அதைப் பிடித்து இழுக்காதே, வித்திலையோடு பிய்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் வைத்து ஊறவிட்டு, மறுநாள் நகத்தால் லேசாகத் தொட்டால் கழன்றுவிடும்.

உரத்தில் அவசரப்படாதே. உண்மையான இலைகள் வந்த பிறகு, திரவ உரத்தைப் பாதி வலுவில் கரைத்து வாரம் ஒரு முறை கொடு. தழைச்சத்து மிகுந்தால் செடி கரும்பச்சையாகப் புதராய் வளரும், பூ வராது; குறுகிய பருவத்தில் அந்த இழப்பை ஈடுகட்ட நாள் இருக்காது.

இனி எனக்கு மிகுந்த கவலை தரும் கட்டத்துக்கு வருகிறேன், அதாவது வெளியே எடுத்துச் செல்வது. வசந்தத்தில் ஒரு வாரம் வெயில் அடித்தவுடன் எல்லோருக்கும் கை பரபரக்கும். உறைபனி நின்றுவிட்டது என்பது மட்டும் மிளகாய்க்குப் போதாது. இரவு வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நிலைத்த பிறகே நட வேண்டும்; பத்து டிகிரிக்குக் கீழே சில இரவுகள் நின்ற செடி சாகாவிட்டாலும் வாரக்கணக்கில் வளராமல் முடங்கும். அதைவிட இரண்டு வாரம் தாமதமாக நட்ட செடி அதை முந்திவிடும். நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் பழக்கு: முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு படிப்படியாக வெயிலும் காற்றும். நேராக உச்சி வெயிலில் வைத்தால் இலைகள் வெளுத்துக் காகிதமாகிவிடும். தரையைவிடக் கறுப்புத் தொட்டிதான் உனக்கு ஏற்றது, மண் விரைவாகச் சூடேறும். ஒரு செடிக்குப் பதினைந்து இருபது லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். தரையில்தான் நடுவேன் என்றால் கறுப்பு நெகிழித்தாளை முன்கூட்டியே விரித்து மண்ணைச் சூடாக்கிக்கொள். குளிர் இரவு வரும் என்று செய்தி வந்தால் தொட்டியை உள்ளே எடுத்து வை. கனமான தொட்டியைத் தனியாகத் தூக்காதே. யாரேனும் உதவிக்கு இருக்கிறார்கள் அல்லவா? இல்லையென்றால் சக்கரம் வைத்த பலகையின்மேல் முதலிலேயே வைத்துவிடு.

பூ வந்தால் கிள்ளுவதா விடுவதா என்று முன்பு கேட்டிருந்தாய். பருவம் நீண்ட இடத்தில் நுனியையும் முதல் பூக்களையும் கிள்ளிப் புதராக்குவார்கள். உன் இடத்தில் நுனியைத் தொடாதே. வீட்டுக்குள் இருக்கும்போதே வந்த பூவை மட்டும் எடுத்துவிட்டு, வெளியே நட்டுச் செடி ஊன்றிய பிறகு வருவதை எல்லாம் விட்டுவிடு. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலோ பகல் 32 டிகிரியைத் தாண்டினாலோ பூ உதிரும். அது நோய் அல்ல, பருவநிலை திரும்பியதும் மறுபடி பூக்கும். காற்று இல்லாத நாளில் கிளையை விரலால் மெல்லத் தட்டினால் மகரந்தம் சேர்ந்துவிடும், தேனீ வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காயின் நுனி கறுத்து அழுகினால் உடனே மருந்து தேடாதே; பெரும்பாலும் தண்ணீர் ஒரு நாள் வெள்ளமாகவும் ஒரு நாள் வறட்சியாகவும் இருந்ததால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் வருவது அது. இங்கும் தண்ணீர்தான், பாப்பா. சீராக ஊற்று, அதிகமாக ஊற்றாதே.

எத்தனை செடி போதும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காரத்தை அளக்க 1912-இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவில் ஜலபீனோ இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் எட்டாயிரம் வரை. ஹபனேரோ ஒரு லட்சம் முதல் மூன்றரை லட்சம் வரை. ஆகவே காரம் விரும்பி உண்ணும் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஹபனேரோவில் இரண்டு செடி தாராளம். நீ மட்டும் உண்பதென்றால் அதுவும் மிகுதி. ஜலபீனோவில் மூன்று செடி வைத்து, ஹபனேரோவில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கோடையில் எத்தனை பேருக்கு என்று நீ எழுதினால் அதற்கேற்பச் சொல்கிறேன். எந்த எண்ணை எழுதினாலும் சரி. எழுதாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உன் அம்மா தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிடுகிறாயாம். நன்றாக இருக்கும் நாற்றைப் படம் எடுத்து அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

கோடை முடிவதற்குள் பழுக்காமல் போய்விடுமோ என்று அஞ்சி முயற்சியைக் கைவிட வேண்டாம். முதல் உறைபனிக்கு ஆறு வாரம் இருக்கும்போது புதிய பூக்களைக் கிள்ளிவிடு. செடி ஏற்கெனவே பிடித்த காயை முற்றவைக்கும். நிறம் மாறத் தொடங்கிய காய் பறித்த பின்னும் உள்ளே பழுக்கும். அதற்குமேல் ஒரு வழி இருக்கிறது, அதை நான் மிகவும் நம்புகிறேன். மிளகாய் ஓராண்டுச் செடி அல்ல. உறைபனி கொல்வதால்தான் குளிர் நாடுகளில் அப்படி நடத்துகிறார்கள். தொட்டியில் இருக்கும் ஹபனேரோவை இலையுதிர் காலத்தில், இரவு பத்து டிகிரியைத் தொடும் முன், முதல் கவட்டைக்கு மேல் சில கணுக்கள் மட்டும் விட்டு வெட்டி, இலைகளைச் சோப்புத் தண்ணீரால் இருபுறமும் கழுவி, வேரைச் சற்றுக் குறைத்துப் புதிய கலவையில் வைத்து உள்ளே கொண்டுவா. 12 முதல் 15 டிகிரி இருக்கும் அறையில், மண் உலர்ந்த பிறகே சிறிது தண்ணீர் கொடுத்தால் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும். அசுவினியும் சிலந்திப்பேனும் வரும். இலையின் அடிப்புறத்தை வாரம் ஒரு முறை திருப்பிப் பார். அடுத்த வசந்தத்தில் வேர் தயாராக இருப்பதால் விதைநாற்றுக்குப் பல வாரம் முன்பே பூத்துவிடும். ஆகவே இந்த ஆண்டு அந்தச் செடியில் ஒரு காய் பழுக்காவிட்டாலும் அந்தச் செடியை நீ இழக்கவில்லை. யாருக்காக விதைத்தாய் என்பது மாறினாலும் செடி உன்னுடையதுதான்.

ஜலபீனோ, கயேன் விதைகளை இதனுடன் வைத்திருக்கிறேன். போன ஆண்டு முழுதாய்ச் சிவந்த காய்களில் எடுத்தவை, ஒட்டு ரகம் அல்ல. அடுத்த படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடு, தண்டும் மண்ணும் சேரும் இடம் தெரிய வேண்டும். இங்கேயும் ஹபனேரோ நாற்றுகள் சில தடித்த தண்டோடு நன்றாக நிற்கின்றன. உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் தாங்காது. இரவுக் குளிர் தணிந்ததும் நானே வண்டியில் எடுத்து வந்து, தொட்டிகளையும் நிரப்பித் தந்துவிட்டு, இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பார்க்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். வரட்டுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா