சிட்டுக்கு எத்தனை கிராம்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலாவது படத்தில் சிட்டு உன் தோளில் மூக்கை வைத்து நிற்கிறாளே, அதைப் பார்த்தபோது நீ சின்ன வயதில் நம் பழைய குட்டைக் குதிரை மணியோடு நின்றது அப்படியே கண்ணுக்குள் வந்தது. எட்டு வயதுப் பெண்குதிரை, 'மினியேச்சர்' என்கிற குட்டை ஜாதி, பிடரி மயிர் முடிகிற இடத்தில் உயரம் 32 அங்குலம். "வயிறு பெரிதாக இருக்கிறது, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. அடர்தீவனத்தைக் கூட்டட்டுமா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவளை நிறுத்துப் பார். ஆடு, கன்று நிறுக்கும் மேடைத் தராசு எங்காவது கிடைத்தால் அதில் ஏற்று. மார்பைச் சுற்றி அளந்து எடை சொல்கிற நாடா பெரிய குதிரைக்குச் செய்தது, அதை நம்பாதே, இந்தச் சின்ன உடம்புக்கு அது சரியாக வராது. எடை தெரியாமல் தீவனம் போடுவதும், எடை தெரியாமல் மருந்து கொடுப்பதும் ஒன்றுதான்.

இப்போதைக்கு 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த புல் தின்ன வேண்டும். சிட்டு மெலிந்திருப்பதால் இரண்டு என்றே எடுத்துக்கொள். 1.8 கிலோ. இதை நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடு. குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். வெறும் வயிற்றில் பல மணி நேரம் நிற்க விட்டால் புண் வந்துவிடும்.

அப்புறம்தான் அடர்தீவனம். உன் கேள்விக்குப் பதில், ஆமாம், அவளுக்கு அது தேவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயிறு தொங்கி, முதுகில் சதை இல்லாமல் இருப்பது கொழுப்பு அல்ல. முரட்டுப் புல்லை நிறையத் தின்று, அதில் போதுமான புரதம் கிடைக்காத குதிரை இப்படித்தான் இருக்கும். குடற்புழு இருந்தாலும் இப்படி ஆகும், பல் சரியில்லை என்றாலும் ஆகும். ஆகவே சாண மாதிரியைக் கொடுத்துப் புழு முட்டை பார்க்கச் சொல். பல்லையும் காட்டு. இந்த ஜாதிக்குப் பல் பெரிய தொல்லை, கண்ணு. பெரிய குதிரைக்கு உள்ள அத்தனை பற்களும் அந்தச் சின்னத் தாடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மெல்ல முடியாத வாய்க்கு எவ்வளவு நல்ல தீவனம் போட்டும் பயனில்லை.

நீ வாங்க வேண்டியது 'ரேஷன் பேலன்சர்' என்கிற குச்சித் தீவனம். புரதமும் தாது உப்பும் விட்டமினும் அதில் செறிவாக இருக்கும், மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவாக இருக்கும். வெல்லப்பாகு கலந்த இனிப்புத் தீவனம் வேண்டவே வேண்டாம். பையின் பின்னால் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு அரை கிலோ என்று அச்சிட்டிருந்தால், சிட்டுக்கு 90 கிராம். காலையில் 45, மாலையில் 45. பார்த்தால் உனக்கு மனசு கேட்காது. கிண்ணத்தின் அடிகூட மறையாது. ஆனாலும் புல்லில் அவளுக்குக் கிடைக்காத சத்து அதற்குள் இருக்கிறது, அதனால்தான் அதற்கு அடர்தீவனம் என்றே பெயர். சமையலறைத் தராசு ஒன்றைக் கொட்டிலில் நிரந்தரமாக வைத்துவிடு. குவளைக் கணக்கு மட்டும் வேண்டாம். ஒரே குவளையில் தவிடு கொள்வது ஒரு எடை, ஓட்ஸ் ஒரு எடை, குச்சித் தீவனம் வேறொரு எடை.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் மணி. அவனுக்கு என்ன ஆனது என்று உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை, நீ அப்போது ரொம்பச் சின்னவள்.

நான் அதுவரை பெரிய குதிரைகளோடு மட்டுமே பழகியவன். மணி வந்ததும் அதே குவளையால்தான் அவனுக்கும் போட்டேன். ஒரு குவளை இனிப்புத் தீவனம், அதுவும் இரண்டு வேளை. அவன் ஆசையாகத் தின்றான், எனக்கும் சந்தோஷம். கழுத்தின் மேல்விளிம்பு தடித்து மேடாக எழும்பியதை வளர்த்தி என்றே நினைத்தேன். ஒரு காலையில் பார்த்தால் முன்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து நிற்கிறான். குளம்பைத் தொட்டால் சுடுகிறது. லேமினைடிஸ், அதாவது குளம்பு அழற்சி. குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய திசு இதழ்கள் பிய்ந்துபோகிற வலி அது. மேய்ச்சல் குறைவான இடங்களில் பிழைத்த குட்டைக் குதிரைகளின் வழிவந்த உடம்பு இவர்களுடையது. கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும். சர்க்கரை அளவுக்கு மீறிப் போனால் இன்சுலின் ஏறி, கடைசியில் குளம்பில் வந்து முடிகிறது.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் பெரிய தவறு. பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். தண்ணீரும் ஒரு பிடிப் புல்லும்தான். மூன்றாம் நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான், கொடுத்த புல்லையும் தொடவில்லை. மருத்துவர் ரத்தம் எடுத்துக் குழாயில் நிறுத்திவைத்தார். மேலே தெளிந்து நின்ற நீர் பால்போல வெளுத்திருந்தது. சின்னக் குதிரைகள் பட்டினி கிடந்தால் உடம்பு தன் கொழுப்பை மொத்தமாக ரத்தத்தில் இறக்கிவிடுமாம், ஈரல் அதைத் தாங்காதாம். ஹைப்பர்லிப்பீமியா என்றார். குழாய் வழியாக உணவு செலுத்தி, ஒன்பது நாள் பக்கத்திலேயே கிடந்து காப்பாற்றினோம். பிழைத்தான். ஆனால் அதன்பிறகு அவன் ஓடி நீ பார்த்ததில்லை, இல்லையா?

அதனால் சிட்டு ஒரு வேளை தீவனத்தை ஒதுக்கினால்கூட "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதே, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடு. பிற்பாடு அவள் பெருத்துவிட்டாலும் பட்டினி போடாதே. புல்லை ஊறவைத்துச் சர்க்கரையைக் கழித்துக் கொடு, மேய்ச்சலுக்கு வாய்க்கூடு மாட்டு. அப்போதும் பேலன்சரை மட்டும் நிறுத்தாதே.

புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றிவிடாதே. முதல் நாள் பத்து கிராமில் தொடங்கிப் பத்து நாளில் முழு அளவுக்கு வா. குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடு, அவசரமாக விழுங்கினால் தொண்டைக்குழலில் அடைத்துக்கொள்ளும். கிண்ணத்தில் வாய்க்குள் போகாத அளவுக்கு இரண்டு பெரிய வழுவழுப்பான கல்லைப் போட்டுவைத்தால் மெதுவாகத் தின்பாள். முதலில் புல், அப்புறம் குச்சி. உப்புக்கட்டியும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

பேலன்சரோடு சேர்த்துத் தனியாக விட்டமின் பொடி எதுவும் போடாதே. செலினியம் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைந்த தாது, சின்ன உடம்பில் அந்த எல்லையைச் சீக்கிரம் தாண்டிவிடும். தவிட்டையும் அள்ளிப் போடாதே. அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, எலும்பைக் கெடுக்கும்.

பக்கத்துக் கொட்டிலில் மாடும் கோழியும் இருப்பதாகச் சொன்னாய். அந்தத் தீவனம் ஒரு பிடிகூடச் சிட்டுவின் வாய்க்குப் போகக் கூடாது. அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்கிற மருந்து கலந்திருப்பார்கள். மாட்டுக்கு நல்லது, குதிரைக்குக் கொஞ்சமே போதும், இதயத்தை நிறுத்திவிடும். வாளி, கரண்டி எல்லாம் சிட்டுவுக்குத் தனியாக வைத்துக்கொள். அங்கே வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அவள் விலாவில் கையை ஓட்டிப் பார். அடர்ந்த மயிர் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. லேசாக அழுத்தினால் விலா எலும்பு தெரிய வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. மருத்துவர்கள் சதைப்பிடிப்புக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் போடுவார்கள், ஐந்தில் நின்றால் நிம்மதி. கழுத்து மேட்டையும் மறக்காமல் தொட்டுப் பார். அது கெட்டியாகிறது என்றால் உடனே எனக்குச் சொல்.

நிறுத்ததும் எடையை எழுதி அனுப்பு, தீவனப் பையின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. கணக்கை நாம் சேர்ந்து ஒருமுறை சரிபார்ப்போம். அதுவரை புல் மட்டும் போதும், தாராளமாகப் போடு.

அன்புடன்,
அப்பா