தபால் வேலை என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவலர் வீரவணக்க நாளையொட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "பிணத்துக்குக் காவல், பார்சலுக்குத் துணை என்று தபால்காரர் வேலை பார்த்தே பல காவலர்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்." பரிதாபப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரிதாபம்தான் உறுத்துகிறது.

அந்தப் பார்சலில் என்ன இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சந்தேக மரணம் என்றால் போஸ்ட்மார்ட்டத்தில் எடுத்த இரைப்பையும் குடலில் ஒரு பகுதியும் ஒரு பாட்டிலில், கல்லீரலும் சிறுநீரகமும் இன்னொன்றில். கெட்டுப்போகாமல் இருக்கப் பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். ஃபார்மலின் ஊற்றினால் விஷத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஊற்றிய கரைசலிலும் கொஞ்சம் தனி பாட்டிலில் போகும், விஷம் அதில் இல்லை என்று காட்ட. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி கசியும், லேபிள் ஊறிப்போகும். இத்தனையையும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர் ஒரு கிரேடு-2 காவலர். ஒப்பிட்டுப் பார்க்கத் தனியே அனுப்பும் மாதிரி முத்திரையோடு பாட்டிலின் அரக்கு முத்திரை ஒத்துப்போக வேண்டும். கீறல் விழுந்தால் ஆய்வகத்தில் வாங்க மாட்டார்கள். வாங்கிவிட்டாலும் வருஷங்கள் கழித்துக் குறுக்கு விசாரணையில், "எத்தனை மணிக்குப் பெற்றீர்கள், இரவில் எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று அவரைத்தான் நிற்கவைத்துக் கேட்பார்கள். பதில் தடுமாறினால் வழக்கே ஆட்டம் காணும்.

பிணத்துக்குக் காவல் இருக்கிறாரே, டாக்டரிடம் உடலை ஒப்படைப்பவரும் அவர்தான். போஸ்ட்மார்ட்டம் சான்றிதழில் அவருடைய நம்பர் ஏறுகிறது. சந்தேக மரணத்தை விசாரிக்கும் பிரிவு, பழைய சட்டத்தில் 174, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194 ஆகிவிட்டது. நிலையத்தில் இன்னும் '174 கேஸ்' என்றே சொல்கிறார்கள். எந்தப் பிரிவாக இருந்தாலும், ஆய்வக அறிக்கையைப் பார்த்து டாக்டர் தரும் இறுதிக் கருத்து வந்தால்தான் பெரும்பாலும் அந்த வீட்டுக்கு விபத்துக் காப்பீட்டுப் பணம் வரும். தபால் வேலையாம்!

1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனத் தாக்குதலில் 10 மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் இறந்த நாள் அக்டோபர் 21. வருஷம் தவறாமல் மலர் வளையப் படம் போடுகிறீர்கள். படத்தில் அதிகாரி இருப்பார். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பவரின் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். 2021இல் வார விடுமுறை அரசாணை வந்தபோது முதல் பக்கம். திருவிழா பந்தோபஸ்து வந்தால் அந்த ஓய்வு என்ன ஆகிறது என்று அதன்பின் ஒரு பெட்டிச் செய்தியாவது உண்டா? தீர்ப்பு வந்தால் 'தனிப்படை' என்று எழுதுகிறீர்கள். பாட்டிலைச் சுமந்தவருக்குத் தண்டனை விவரம் டீக்கடைப் பேப்பரில்தான் தெரிகிறது.

கட்டுரையின் முடிவில், காவலரைப் பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள் என்கிறீர்கள். நல்லது, சொல்லட்டும். ஆனால் புகார் எழுத்தில் வருகிறது, பாராட்டு வாயோடு போகிறது. ஒரு மனு போதும், விளக்கம் கேட்டு மெமோ வரும், 3(அ) எனும் ஒழுங்கு நடவடிக்கை வரும், பணிப்பதிவேட்டில் ஏறும். நன்றி எதிலும் ஏறாது. எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஒரு பக்கக் கடிதம் போட்டால் ஜி.எஸ்.இ. எனும் நற்பணிப் பதிவுக்கு வழியுண்டு. கடிதத்தில் தேதி, நேரம், இடம், சட்டையிலுள்ள பெயர், நிலையம், சி.எஸ்.ஆர். எனும் புகார் ரசீது அல்லது எஃப்.ஐ.ஆர். எண், அவர் செய்த காரியம் இரண்டு வரியில். "நல்ல மனிதர், நீடூழி வாழ்க" என்று மட்டும் எழுதினால் ஃபைலில் தூங்கும். யார், எப்போது என்று விசாரிக்க அதில் ஒன்றுமில்லை.

அந்த வரிக்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை, தங்களுக்கு அது வழக்கமில்லை. இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் மேலே உள்ள பத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்