பெயரோடு பதிவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் தொடுக்கும் அதிகாரம் அதிபருக்கா, நாடாளுமன்றத்துக்கா என்று அமெரிக்காவில் நடக்கும் விவாதத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1964 ஆகஸ்டில் வியட்நாம் போருக்கு வழி திறந்துவிட்ட டோன்கின் தீர்மானத்தை அங்கே கீழவையில் 416 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒருவருமில்லை. மேலவையில் 88 பேர் ஆதரிக்க, வேன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவர் மட்டும் எதிர்த்தார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு இதை என்னால் எழுத முடிகிறது. காரணம், ஒவ்வொருவர் வாக்கும் அங்கே பெயரோடு பதிவாகியிருக்கிறது.

எனக்கு இது ஏட்டு விஷயமல்ல. என் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். வியட்நாம் பக்கம் பிரான்ஸ் நடத்திய இந்தோசீனப் போருக்குப் போனவர் திரும்பவில்லை. ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, பென்ஷன் வந்தது. உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் சான்று கொடுக்க வேண்டும். அதற்கென்றே வைத்திருந்த நீலக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு போய், ரேகை வைத்துவிட்டு, கட்டைவிரலை முந்தானையில் துடைத்தபடி வெளியே வருவார். மை லேசில் போகாது. இரண்டு நாள் அந்த விரலோடுதான் சோறு பிசைவார். ஒருமுறை என்னிடம், "அவரை அங்கே அனுப்பச் சொன்னது யார், கண்ணு?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பத்து வயது. என்ன சொல்வது?

பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1954 மே மாதம் வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமான தியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூன் 12 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் லானியேல் அரசைக் கவிழ்த்தது. அடுத்து வந்த பியேர் மெந்தேஸ் பிரான்ஸ், ஜூலை 20க்குள் சண்டையை நிறுத்தாவிட்டால் பதவி விலகுவதாக அவையிலேயே தமக்குக் கெடு வைத்துக்கொண்டார், நிறுத்தியும் காட்டினார். அதே அரசுதான் அந்த அக்டோபரில் நம் புதுச்சேரி மண்ணை இந்தியாவுக்குக் கைமாற்ற உடன்பட்டது. கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நமக்கு விடிந்தது. போரை நடத்தியவர்களை அவை தட்டிக்கேட்டது என் தாத்தாவுக்கு உதவவில்லை, மிகவும் பிந்திய கேள்வி அது. ஆனாலும் கேட்டார்கள்.

நம்மிடம் யார் கேட்டார்கள்? 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கியது. அதற்கு முன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரோடு இல்லை. பலியான ஈழத் தமிழர்களும் ஏராளம். போரைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தால், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்ப வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவு. படையைக் கடல் கடந்து அனுப்ப அப்படியொரு நிபந்தனை இல்லை. இந்த ஓட்டை அடைபடாமலே கிடக்கிறது.

ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். 1974 மே மாதம் வங்கதேசத்துடன் கையெழுத்தான எல்லை ஒப்பந்தம், 2015இல் 100ஆவது சட்டத்திருத்தம் நிறைவேறும்வரை காத்திருந்தது. அதே 1974 ஜூனில் இலங்கையுடன் கையெழுத்தான கச்சத்தீவு ஒப்பந்தத்துக்குத் திருத்தமே கொண்டுவரவில்லை. காரைக்கால் மீனவரின் படகு பிடிபடும்போதெல்லாம் ஒரு கட்சி இன்னொரு கட்சியைக் கைகாட்டுகிறது.

போர்க்காலத்தில் கேள்வி கேட்கலாமா என்பவர்களுக்கு 1962ஐ நினைவூட்டுகிறேன். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டு நவம்பரில், சீனப் படை எல்லைக்குள் நின்றுகொண்டிருந்தபோதே நாடாளுமன்றம் கூடி வெளிப்படையாக விவாதித்தது.

உறுப்பினர் அவையில் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. 105ஆவது பிரிவு அவருக்குக் காப்பு. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். ஆக அவரைக் கேட்க எஞ்சியிருப்பவர்கள் வாக்காளர்களாகிய நாம்தான். ஆனால் பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. யார் 'ஆம்' என்றார், யார் வாய் திறக்கவில்லை என்று தெரியாமல் எதை வைத்துக் கேட்பது?

வெளிநாட்டுக்குப் படை அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் பெயர்ப் பதிவுடன் வாக்கெடுப்பு நடக்கச் சட்டம் வேண்டும். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்று இரண்டே பேர்தான். அடுத்த மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு என் வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இந்தச் சட்டத்தை ஆதரிப்பீர்களா என்று கேட்பேன். தங்கள் நாளிதழும் எல்லா வேட்பாளர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டு, பதில்களை அவரவர் பெயரோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.